சைக்கிளில் போகிறவர் கண்ணில் பட என்ன போட வேண்டும்: லாரி ஓட்டியவன் சொல்வது

19 வருஷம் லாரி ஓட்டினேன். அதில் பாதிக்கு மேல் ராத்திரி ஓட்டம். ஸ்டியரிங்கை விட்டு 6 வருஷம் ஆகிறது. இப்போது டிப்போவில் வேலை, போக வர சைக்கிள். ஒரு வழிக்கு 11 கிலோமீட்டர். காலை ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும். ரோட்டை இரண்டு உயரத்திலிருந்தும் பார்த்தாயிற்று. "பளிச்சென்று மஞ்சள் ஜாக்கெட் போட்டால் வண்டிக்காரன் கண்ணில் படுவோமா?" என்று யாராவது கேட்டால் எனக்கு ஒரு ராத்திரிதான் ஞாபகத்துக்கு வரும்.

தூறல். எதிரே வரிசையாக வண்டிகள், ஒவ்வொன்றும் கண்ணைக் கூச வைத்துவிட்டுப் போகிறது. நான் ஹெட்லைட்டைத் தாழ்த்தி, லோ பீமில் வருகிறேன். வைப்பர் துடைத்துவிட்டுப் போன கண்ணாடியில் திடீரென்று ஒரு முதுகு. பிரேக்கின் மேல் ஏறி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். லாரி நின்றபோது பம்பருக்கும் அவருடைய பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை அகலம் இருந்தது. இறங்கி ஓடினேன். அவர் நடுங்கிக்கொண்டே கேட்டார்: "மஞ்சள் ஜாக்கெட் போட்டிருக்கேனே, தெரியலையா?"

போட்டுத்தான் இருந்தார். புத்தம் புது ஜாக்கெட். ரிஃப்ளெக்டர் பட்டை ஒன்றுகூட இல்லாத வெறும் மஞ்சள். அதன் மேல் முதுகு முழுக்க மறைக்கிற கறுப்புப் பை. பின்னால் சிவப்பு விளக்கு இல்லை. தெருவிளக்கின் ஆரஞ்சு வெளிச்சத்தில் அந்த மஞ்சள் எனக்கு ஈர ரோட்டின் நிறத்திலேயே தெரிந்தது. அன்றைக்கு அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. மன்னிப்பு கேட்டேன், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கான பதிலை மெல்ல மெல்லத் தேடிப் படித்தும், போட்டுப் பார்த்தும் தெரிந்துகொண்டேன். என் மகள் ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்டுக்கு சைக்கிளில் போக ஆரம்பித்தபோது அது இன்னும் அவசரமானது.

உடை உதவும். பகலுக்கு வேண்டியது வேறு, இரவுக்கு வேண்டியது வேறு என்று தெரிந்து போட்டால் உதவும். அந்த மனிதர் அஜாக்கிரதையாக இருக்கவில்லை. பகலில் வேலை செய்யும் பொருளை நம்பி இரவில் இறங்கியிருந்தார்.

பகலில் நிறம்

ஃப்ளோரசன்ட் துணியும் சாதாரண மஞ்சள் துணியும் ஒன்றில்லை. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. ஃப்ளோரசன்ட் சாயம் அதையும் கொஞ்சம் நீல ஒளியையும் உள்ளே வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற மஞ்சள்-பச்சையாக வெளியே விடுகிறது. துணியே எரிவது போலத் தோன்றுவது அதனால்தான். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிகச் சுலபமாகப் பிடிக்கிற ஒளியின் அலைநீளம் 555 நானோமீட்டர். அதுவும் இந்த மஞ்சள்-பச்சைப் பக்கம்தான் வருகிறது. மேகம் கவிந்த பகலிலும், விடிந்தும் விடியாத நேரத்திலும், பொழுது சாயும்போதும் மற்ற நிறங்கள் எல்லாம் சோர்ந்து போகும். இது மட்டும் தனியாக நிற்கும்.

கடையில் "பளிச்" என்று இருப்பதெல்லாம் ஃப்ளோரசன்ட் ஆகாது. ரூபாய் நோட்டைச் சோதிக்கிற சின்ன ஊதா விளக்கு கிடைத்தால் அதை அடித்துப் பாருங்கள். உண்மையான ஃப்ளோரசன்ட் துணி தீப்பிடித்தாற்போல் எரியும், சாதாரணச் சாயம் சும்மா இருக்கும். விளக்கு இல்லாவிட்டால், சூரியன் மறைந்த உடனே ஜாக்கெட்டையும் ஒரு சாதாரண மஞ்சள் துண்டையும் வெளியே பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு இருபது அடி தள்ளிப் போய்ப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் அது வேண்டாம்.

எந்த நிறம் என்பதற்கு, உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன நிறம் இருக்கப்போகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். வயலும் மரமுமாக இருக்கிற ரோட்டில் வெயில் பட்ட இளம் இலைக்கு முன்னால் மஞ்சள்-பச்சை கரைந்துபோகும். அங்கே ஆரஞ்சு தேவலை. ரோட்டு வேலை நடக்கிற இடத்தில் கூம்பு, பலகை, தடுப்பு எல்லாமே ஆரஞ்சு. அங்கே ஆரஞ்சு கரையும். வேலையாட்களின் உடைக்கான ஐஎஸ்ஓ 20471 தரத்தில் மஞ்சள், ஆரஞ்சு-சிவப்பு, சிவப்பு என்று மூன்று நிறம் வைத்திருக்கிறார்கள். நான் மஞ்சள் ஜாக்கெட்டும் ஆரஞ்சு ஹெல்மெட் உறையுமாகப் போகிறேன். பின்னணி எதுவானாலும் இரண்டில் ஒன்று எடுபடும்.

இதனால் விபத்து உண்மையிலேயே குறைகிறதா என்று கேட்கிறவர்களுக்கு டென்மார்க்கில் 2012-13-இல் செய்த ஒரு பரிசோதனையைச் சொல்வேன். ஏறத்தாழ 6,800 சைக்கிள்காரர்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு பளிச் மஞ்சள் ஜாக்கெட் கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. ஒரு வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது, இன்னொரு வண்டியோ ஆளோ சம்பந்தப்பட்ட காய விபத்து ஜாக்கெட் போட்டவர்களிடம் 47 சதவீதம் குறைவு. ஆனால் அவர்கள் தானாகச் சறுக்கி விழுந்ததையும் குறைவாகவே சொல்லியிருந்தார்கள். ஜாக்கெட் சறுக்கலைத் தடுக்காதே! ஆகவே ஓசியில் ஜாக்கெட் வாங்கியவர்கள் விபத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே அதைக் கழித்தார்கள். கழித்த பிறகும் 38 சதவீதம். இப்படித் தன் கணக்கைத் தானே சந்தேகப்பட்டுத் திருத்துகிறவர்களை நான் நம்புகிறேன்.

இருட்டில் அந்த நிறம் தூங்கிவிடும்

ஃப்ளோரசன்ட் நன்றாக எரியப் புற ஊதா வெளிச்சம் வேண்டும். ராத்திரியில் அது எங்கிருந்து வரும்? ஹெட்லைட்டில் அது சொற்பம். சோடியம் தெருவிளக்கில் இருப்பது கிட்டத்தட்ட ஆரஞ்சு-மஞ்சள் மட்டும். அதன் கீழே ஃப்ளோரசன்ட் மஞ்சள் வெறும் வெளுத்த துணிதான். அந்த மனிதர் கேட்டதற்கான பதிலில் பாதி இங்கேதான் இருந்தது.

இரவுக்கு வேண்டியது ரிஃப்ளெக்டர் பட்டை, அந்த வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருப்பது. அதன் மேல் நுண்ணிய கண்ணாடி மணிகள் ஒட்டியிருக்கும். ஒளி மணிக்குள் வளைந்து நுழைந்து, பின்புறப் பூச்சில் பட்டு, வந்த திசையிலேயே திரும்பிப் போகும். இன்னொரு வகையில் மணிக்குப் பதிலாக மூன்று முகம் கூடும் மூலைகள் போன்ற சின்னச் சின்ன பட்டகங்கள் இருக்கும். வேலை அதே வேலைதான். ஹெட்லைட் அனுப்பிய ஒளி ஹெட்லைட்டுக்கே திரும்பி வருகிறது. அதன் பக்கத்திலேயே கண் வைத்திருக்கிற டிரைவருக்கு அது தகதகவென்று தெரியும். பக்கத்தில் நடந்து போகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

லாரி ஓட்டினவனாக இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இதை அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை. காரில் ஹெட்லைட்டுக்கும் டிரைவர் கண்ணுக்கும் உயர வித்தியாசம் கொஞ்சம்தான். லாரியில் விளக்கு கீழே, கண் ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே. திரும்பி வரும் ஒளி மிகக் குறுகிய கூம்பாக வருவதால், கிட்டே நெருங்க நெருங்க அதன் பெரும்பகுதி லாரிக்காரன் கண்ணுக்குக் கீழேயே போய்விடும். காரில் வருகிறவனுக்கு உங்கள் பட்டை தீபமாகத் தெரிகிற அதே இடத்தில், எனக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். அதனால்தான் பட்டையை மட்டும் நம்பாதீர்கள், சொந்தமாக எரிகிற விளக்கு கட்டாயம் வேண்டும் என்கிறேன்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஜாக்கெட்டை ஒரு நாற்காலியில் மாட்டி, இருட்டான நீளமான இடத்தில் வைத்து, இருபது தப்படி தள்ளிப் போய் நில்லுங்கள். மொபைல் டார்ச்சைப் பொட்டுப் பக்கம், கண்ணை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள்: பட்டை வெள்ளையாக எரியும். அப்படியே டார்ச்சை மெல்ல இடுப்புக்கு இறக்குங்கள், மங்கும். அதுதான் காருக்கும் லாரிக்கும் உள்ள வித்தியாசம். கண்ணை ஒட்டிப் பிடித்தும் எரியாத பட்டை என்றால், அது வெறும் சாம்பல் நிறத் துணி. வெள்ளிக் கோடு போட்ட எல்லாமே ரிஃப்ளெக்டர் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கால்தான் சொல்லும்

அந்தத் தூறல் ராத்திரிக்குச் சில மாதம் கழித்து இன்னொரு ராத்திரி. ஊர் இல்லாத, விளக்கு இல்லாத ரோடு. வெகு தூரத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள். ஒன்று மேலே போகும்போது ஒன்று கீழே வருகிறது. ஜாக்கெட்டும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. ஆனால் யோசிப்பதற்கு முன்பே என் வாய் "சைக்கிள்" என்றது, கால் ஆக்சிலரேட்டரை விட்டது. அருகே வந்தபோது பார்த்தேன்: ஒரு பெரியவர், இரண்டு கணுக்காலிலும் ரிஃப்ளெக்டர் பட்டை கட்டியிருந்தார். உடம்பில் இருந்தது கறுப்புச் சட்டை.

இது ஏன் என்பதற்குப் பிறகு காரணம் கிடைத்தது. 1973-இல் குன்னர் யோஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர், இருட்டில் ஒரு ஆளின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரியும்படி வைத்து நடக்கச் சொல்லிப் படம் எடுத்தார். அசையாமல் நிற்கும்போது வெறும் புள்ளிகள். நடக்க ஆரம்பித்ததும், பார்த்தவர்கள் உடனே "மனுஷன் நடக்கிறான்" என்றார்கள். மனித அசைவைக் கண்டுகொள்ள நம் மூளை அப்படிப் பழகியிருக்கிறது. முதுகில் இருக்கும் பட்டை எவ்வளவு எரிந்தாலும் அது அசையாத ஒரு வெளிச்சம்; மைல்கல்லா, தடுப்பா, நிறுத்தி வைத்த வண்டியா என்று டிரைவர் யோசிக்க வேண்டும். கணுக்கால் யோசிக்க வைக்காது.

ஆஸ்திரேலியாவில் ஜோவான் வுட் என்ற பார்வைத் துறை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை ஒரு மூடிய ரோட்டில் உண்மையான டிரைவர்களை ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள், 2012-இல் வெளியானது. இரவில் கறுப்பு உடை போட்ட சைக்கிள்காரரை டிரைவர்கள் கண்டுகொண்டது 2 சதவீத முறை. ஃப்ளோரசன்ட் ஜாக்கெட் மட்டும் போட்டிருந்தால் 15. ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டுக்கு 50. அதோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டியபோது 90. முதல் தடவை இந்த எண்களைப் படித்துவிட்டு அந்த 15-லேயே வெகுநேரம் நின்றேன். என் பம்பருக்கு முன்னால் நின்றவர் அந்த 15-ஐ நம்பி வந்தவர்.

கால் பட்டைக்கு இன்னொரு லாபமும் உண்டு. லோ பீம் கீழ்நோக்கிச் சாய்ந்த விளக்கு. தூரத்தில் அது ரோட்டையும் உங்கள் காலையும் தொட்ட பிறகுதான் மார்பைத் தொடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் 25 மீட்டர் அதிலேயே போய்விட்டது. காய்ந்த ரோட்டில் ஒரு கார் நிற்க அதற்கு மேல் ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். சரக்கு ஏற்றிய லாரிக்கு இன்னும் அதிகம், ஈரத்தில் இன்னும் அதிகம். ஒரு நொடி முன்னாடி தெரிவதற்கு இருக்கிற மதிப்பை பிரேக் மிதித்தவனைத்தான் கேட்க வேண்டும்.

கட்டும் விதம் சொல்கிறேன். இரண்டு காலிலும் கட்டுங்கள். பேன்ட் செயினில் மாட்டாமல் இருக்க ஒரு காலுக்கு மட்டும் கட்டுகிறவர்கள் நிறைய. ஒரு புள்ளி மட்டும் அசைந்தால் அந்த மாறி மாறி ஏறி இறங்கும் அடையாளம் கிடைக்காது. பட்டை காலைச் சுற்றி முழு வளையமாக இருக்க வேண்டும், அப்போதுதான் முன்னால், பின்னால், பக்கத்தில் எங்கிருந்தும் தெரியும். தளர்வாகக் கட்டினால் சுழன்று வழிந்து ஷூவுக்குள் போய்விடும். பெடலில் ரிஃப்ளெக்டர் இருந்தால் கழற்றாதீர்கள். அதுவும் காலோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. சேலையோ நீளப் பாவாடையோ உடுத்துகிறவர்கள் துணி மறைக்காதபடி ஷூவின் குதிகாலில் ஒட்டிக்கொள்ளலாம். கை காட்டித் திரும்புகிற பழக்கம் உள்ளவர்கள் மணிக்கட்டிலும் ஒன்று கட்டுங்கள்.

விளக்கு முதலில்

உடையைப் பற்றிப் பேச வந்தாலும், காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் விளக்கை வாங்குங்கள். பட்டைக்கு யாராவது வெளிச்சம் போட வேண்டும். குறுக்குத் தெருவிலிருந்து வருகிற வண்டியின் ஹெட்லைட் உங்கள் மேல் விழுவது அது உங்கள் எதிரே வந்து நிற்கும்போதுதான். அந்த இடத்தில் முன்விளக்கு மட்டும்தான் உங்களைச் சொல்லும். டென்மார்க்கின் ஓடென்ஸே நகரத்தில் சக்கரம் சுற்றினாலே பகலிலும் எரிகிற காந்த விளக்கைக் கொடுத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். காய விபத்து 19 சதவீதம் குறைந்தது. அதைப் படித்ததிலிருந்து பகலிலும் போட்டுக்கொண்டுதான் போகிறேன். பின்னால் இரண்டு சிவப்பு வைத்திருக்கிறேன், ஒன்று நிலையாக, ஒன்று மின்னியபடி. மின்னுவது கவனத்தை இழுக்கும், நிலையாக எரிவதை வைத்துத்தான் டிரைவர் தூரத்தைக் கணிப்பார். முன்விளக்கை எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் கீழே சாய்த்து வையுங்கள்.

எந்த உடையாலும் ஆகாதது

பார்த்தும் பார்க்காமல் போவது என்று ஒன்று இருக்கிறது. முச்சந்தியில் டிரைவர் தலையைத் திருப்பிப் பார்ப்பார், உங்கள் மேலேயே கண் போகும். ஆனால் அவர் தேடுவது காரையும் பஸ்ஸையும். தேடாதது கண்ணில் விழுந்தாலும் மனதில் ஏறாது. அவர் முகம் உங்கள் பக்கம் திரும்பியதை வைத்துப் பார்த்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் வண்டியின் முன்சக்கரத்தைப் பாருங்கள், சக்கரம் நிற்கிறதா, உருள்கிறதா என்பதுதான் நம்பத் தகுந்த செய்தி.

தெரிவதும் இடம் விடுவதும்கூட வேறு வேறு. இங்கிலாந்தில் இயன் வாக்கர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 7 விதமான உடை போட்ட சைக்கிள் பயணங்களில், ஓவர்டேக் செய்த 5,690 வண்டிகள் எவ்வளவு நெருக்கமாகப் போயின என்று அளந்தார்கள். பளிச் உடையோ, பந்தய உடையோ, 'புதிதாக ஓட்டுகிறேன்' என்று எழுதிய உடையோ, பெரிய மாற்றம் இல்லை. கேமரா பதிவாகிறது, போலீஸ் என்ற சொற்கள் இருந்த ஜாக்கெட்டுக்கு மட்டும் சில சென்டிமீட்டர் கூடுதலாக விட்டார்கள். என்ன போட்டாலும் 1 முதல் 2 சதவீத வண்டிகள் 50 சென்டிமீட்டருக்குள் உரசிக்கொண்டுதான் போயின. அதைச் சரிசெய்ய வேண்டியது வண்டி ஓட்டுகிறவர்கள். விபத்து என்று கேட்டதும் "அவர் என்ன கலர் சட்டை போட்டிருந்தார்?" என்று முதலில் கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அந்த ராத்திரி நான் பார்க்கிற தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் வந்தேன். தப்பு என்னுடையது. அவர் சட்டையுடையது இல்லை.

கடைசியாக லாரியின் மறைவிடம். கேபினுக்கு நேர் முன்னால் ஒட்டினாற்போலவும், பக்கவாட்டில் கதவுக்குக் கீழேயும் நீங்கள் சூரியனையே உடுத்தி நின்றாலும் எங்களுக்குத் தெரியாது. சிக்னலில் லாரியின் பக்கத்தில் நுழையாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். டிரைவர் முகம் உங்களுக்குக் கண்ணாடியில் தெரியாவிட்டால் அவருக்கு நீங்கள் தெரிவதில்லை.

வாங்கிய பிறகு

பையைப் பற்றிச் சொன்னேன். முதுகுப் பை மாட்டுகிறவர்கள் பைக்கு மேல் போடும் மஞ்சள் உறை வாங்குங்கள், இல்லாவிட்டால் பையை கேரியரில் கட்டுங்கள். நான் கேரியர்காரன், முதுகும் வேர்க்காது. ஜாக்கெட் காற்றில் உப்பாமல் உடம்போடு இருக்கட்டும். வெக்கைக்கு வலைத்துணி போட்டது எடுங்கள், புழுக்கம் தாங்காமல் கழற்றிப் பையில் வைத்த ஜாக்கெட்டால் பிரயோஜனம் இல்லை.

துவைக்கும்போது ப்ளீச் வேண்டாம், துணி மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம், பட்டை மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. நிழலில், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் காயப்போடுங்கள். ஃப்ளோரசன்ட் சாயம் வெயிலில் வெளுக்கும். ஒவ்வொரு துவைப்பிலும் பட்டை கொஞ்சம் தேயும், தரமான ஜாக்கெட்டின் லேபிளில் எத்தனை துவைப்பு என்று போட்டிருக்கும். சேறு தெறித்தால் கணுக்கால் பட்டையை ஈரத் துணியால் துடைத்தாலே போதும். ஆனால் அன்றைக்கே துடைக்க வேண்டும். மழையில் கண்ணாடி மணி வெளியே தெரியும் வகைப் பட்டைகளின் மேல் தண்ணீர் படிந்து பளபளப்பு குறையும். மழை அதிகம் பார்க்கிறவர்கள் பட்டகம் உள்ள பிளாஸ்டிக் வகையை எடுப்பது நல்லது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த இருபது தப்படி டார்ச் சோதனையை அதே இடத்தில், அதே மொபைலில் திரும்பச் செய்யுங்கள். மகளும் நானும் சேர்ந்து செய்கிறோம்; அவள் சைக்கிளில் ஏறி நின்ற இடத்திலேயே பின்பக்கமாகப் பெடலைச் சுற்றுவாள், நான் டார்ச்சைக் கண்ணோரம் பிடித்துக்கொண்டு நிற்பேன். போன தடவை இரண்டு புள்ளியில் ஒன்று சோகையாக ஏறி இறங்கியது. "ஒண்ணுதானேப்பா, அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்றாள். அன்றைக்கு அவளுக்கு ஷிஃப்ட் இருந்தது. என் காலில் இருந்த ஜோடியைக் கழற்றி அவளுக்குக் கட்டி அனுப்பிவிட்டு, மறுநாள் எனக்குப் புதிது வாங்கினேன்.